கொச்சிப் பேராலயமும் தமிழ்ப் பாட்டும்



மார்கழி பிறந்தால் சென்னையில் இசை விழா. சபைதோறும் கச்சேரி, நாளிதழ்தோறும் விமரிசனம். அதைப் பற்றி நாமும் விடுதி அறைகளில் உட்கார்ந்து நாள் முழுதும் பேசுகிறோம். ஆனால் நாம் வாழ்வதும் படிப்பதும் கொச்சியில். இங்கே, நம் கைக்கு எட்டும் தொலைவில், அதே பருவத்தில், வேறொரு வகையான இசை விழாவுக்கு இடமும் காலமும் காத்துக் கிடக்கின்றன. அதைப் பற்றி நாம் இன்னும் எண்ணவில்லை. எண்ண வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபோர்ட் கொச்சியில் உள்ள சாந்தா குரூஸ் பேராலயத்தில், கிறிஸ்துமசுக்கு முந்திய நான்கு ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், பாடற்குழுக்களும் ஆர்கனும் இசைக்கும் ஓர் இசைப் பருவம் தொடங்கப்பட வேண்டும். அதில் தமிழும் ஒலிக்க வேண்டும். அந்தத் தமிழைப் பாடுவோர், தோப்பும்படித் துறைமுகத்தில் படகு கட்டியிருக்கும் நம் குமரிக் கரை மீனவர்களாக இருக்க வேண்டும். இதற்கான முதல் முயற்சியை நம் மன்றமே மேற்கொள்ள வேண்டும்.

‘மன்றத்துக்கும் மாதா கோயிலுக்கும் என்ன தொடர்பு?’ என்று சிலர் புருவத்தை நெரிப்பீர்கள். பொறுத்துப் படியுங்கள். தொடர்பு இருக்கிறது, அதுவும் நாம் நினைப்பதைவிடப் பழைய தொடர்பு.

ஆலயத்தில் வழிபாட்டு நேரத்துக்குப் புறம்பாக இசை நிகழ்ச்சி என்பது புதிய கற்பனை அன்று. ஜெர்மனியின் வடகோடியில் லூபெக் என்று ஒரு துறைமுக நகரம் உண்டு. மட்டாஞ்சேரியைப் போலவே வணிகர்களால் வாழ்ந்த நகரம். அங்கே புனித மரியாள் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர் டீட்ரிக் புக்ஸ்டெஹூட. அவருக்கு முன் அப்பணியில் இருந்த ஃபிரான்ஸ் டுண்டர் தொடங்கி வைத்த மாலை இசையை, 1673 முதல் கிறிஸ்துமசுக்கு முந்திய வாரங்களில் ஐந்து ஞாயிறுகளில் நடக்கும் ஒரு பருவமாக அவர் வளர்த்தார். நுழைவுக் கட்டணம் கிடையாது. செலவை ஏற்றவர்கள் ஊர் வணிகர்கள். கேட்க வந்தவர்கள் ஊரார் எல்லோரும்.

அந்த இசையின் பெயர் எவ்வளவு தொலைவு பரவியது தெரியுமா? 1705-ஆம் ஆண்டில் ஆர்ன்ஸ்டாட் என்ற ஊரில் ஆர்கன் வாசித்துவந்த இருபது வயது இளைஞர் ஒருவர், நான்கு வார விடுப்புப் பெற்று, ஏறத்தாழ நானூறு கிலோமீட்டர் நடந்தே லூபெக் போய்ச் சேர்ந்தார். நான்கு வாரம் நான்கு மாதம் ஆகும்வரை ஊர் திரும்பவில்லை. திரும்பியபோது மேலிடத்தார் அழைத்து விளக்கம் கேட்டார்கள். போதாக்குறைக்கு, வழிபாட்டுப் பாடல்களின் நடுவே விபரீதமான சுரங்களைக் கலந்து மக்களைக் குழப்புகிறார் என்றும் குற்றம் சாட்டினார்கள். அந்த இளைஞர்தான் யோகான் செபாஸ்டியன் பாக். விடுப்பு முடிந்தும் ஊரில் தங்கிவிட்டு வருகைப் பதிவேட்டுக்கு அஞ்சும் நம் நண்பர்கள் இந்த வரலாற்றை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பாக் கற்று வந்த அளவுக்கு அவர்களும் எதையாவது கற்று வர வேண்டும்!

லூபெக் நமக்குக் கற்பிப்பது இரண்டு. ஒன்று, கதவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். மற்றொன்று, துறைமுகத்தால் வாழ்பவர்கள் துறைமுக நகரத்தின் இசைக்குச் செலவிட வேண்டும். முதலாவதைக் கத்தோலிக்கத் திருச்சபையே விதியாக வகுத்திருக்கிறது. ஆலயங்களில் இசை நிகழ்ச்சி நடத்துவது குறித்து 1987 நவம்பரில் வத்திக்கானின் வழிபாட்டுத் துறை ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆலயத்தில் பாடப்படுவது சமயச் சார்புள்ள இசையாக இருக்க வேண்டும். நுழைவுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. யாரும் வரலாம் என்பவை அதன் விதிகளுள் சில. ஆகவே, சாந்தா குரூசில் நடக்கும் எந்த இசைப் பருவமும் காசுள்ளவன் முன்வரிசையிலும் இல்லாதவன் தெருவிலும் இருக்கும் பருவமாக ஆக முடியாது. சென்னைச் சபைகளின் டிக்கெட்டுக் கட்டணத்தை நினைத்துப் பெருமூச்சு விடும் மாணவர்களுக்கு இது தேன் வந்து பாயும் செய்தி அல்லவா?

இரண்டாவதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதலில், கொச்சியில் தமிழுக்கு என்ன உரிமை என்று பார்ப்போம்.

கொச்சிக்கும் தமிழுக்கும் உள்ள உறவை ஏடுகளே சொல்லும். 1544 ஜனவரியில் பிரான்சிஸ் சவேரியார் ரோமாபுரியில் இருந்த தம் தோழர்களுக்கு ஒரு நீண்ட மடல் எழுதினார். முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே தாம் செய்த பணியை அதில் விவரிக்கிறார். இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி, மன்றாட்டுகளைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணி பிடித்துத் தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைத் திரட்டி, கூட்டமாகச் சொல்லவைத்த செய்தி அதில் இருக்கிறது. அந்த மடல் எழுதப்பட்ட ஊர் கொச்சி. அடுத்து, அன்றீக்கே அடிகளார் 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற தமிழ் நூலை அச்சிட்டதை நாம் அறிவோம். அதற்கு அடுத்த ஆண்டே, 1579-இல், அவருடைய ‘கிரிசித்தியானி வணக்கம்’ அச்சேறியது. அது அச்சான ஊரும் இதே கொச்சிதான். தமிழ் எழுத்து அச்சில் வார்க்கப்பட்ட தொடக்க நாட்களில் அதற்கு இடம் கொடுத்த ஊரில் இருந்துகொண்டு, ‘இங்கே தமிழுக்கு இடம் உண்டா?’ என்று கேட்பது பொருந்துமா?

ஏடு போகட்டும், ஆட்டத்துக்கு வருவோம். கொச்சிக் கரையோர இலத்தீன் கத்தோலிக்கர்கள் பல தலைமுறைகளாக ஆடிவரும் கலை சவிட்டு நாடகம். மரத்தால் அமைத்த மேடையில், கவசமும் முடியும் அணிந்த வேந்தர்கள் காலால் ஓங்கி மிதித்துத் தாளம் எழுப்பிப் பாடி ஆடுவார்கள். சார்லமேன் மன்னனின் கதையைச் சொல்லும் ‘காறல்மான் சரிதம்’ அவற்றுள் புகழ்பெற்றது. அதை இயற்றியவர் சின்னத்தம்பி அண்ணாவி. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் என்பது வழிவழிச் செய்தி. அந்த நாடகத்தின் மொழி தமிழும் மலையாளமும் கலந்தது. அதைக் கற்பிக்கும் ஆசானுக்குப் பெயர் அண்ணாவி. கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கூத்துப் பழக்குபவரை அண்ணாவியார் என்றே அழைக்கிறார்கள். ஒரே சொல் மூன்று கரைகளில் வாழ்கிறது! மலையாள நாட்டு மக்கள் இந்தக் கலையை விடாமல் காத்து வருகிறார்கள். அதன் மொழியில் பாதி உரிமை உடைய நாம், அதன் பெயரைக்கூட அறியாமல் பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் போகிறோம்.

இனித் தோப்பும்படிக்கு வருகிறேன். நான் அங்கே அறை எடுத்துத் தங்கியிருப்பவன். விடியற்காலையில் துறைமுகத்து வாயிலில் உள்ள தேநீர்க் கடைக்குப் போனால் அங்கே கேட்கும் பேச்சில் பெரும்பகுதி எனக்குப் புரியும். பனிக்கட்டி வண்டிகளின் இரைச்சலுக்கும் ஏலக்காரரின் கூவலுக்கும் இடையே, ‘லேய் மக்கா’ என்று ஒருவரை ஒருவர் அழைக்கும் குரல் வரும். அவர்கள் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி முதலிய ஊர்க்காரர்கள். ஆழ்கடலில் நாள் கணக்காக, வாரக் கணக்காகத் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பதில் வல்லவர்கள். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் பிறந்து, கொச்சித் துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போகிறவர்கள். அவர்கள் பேச்சில் எது தமிழ், எது மலையாளம் என்று கோடு கிழிக்க முடியாது. 1956 நவம்பர் முதல் நாள் அவர்கள் ஊர்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. ஆனால் நாக்குக்கு எல்லைக்கல் நடுவது யாரால் முடியும்? அவர்களிற் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். கோயில் பாட்டு அவர்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தது.

இத்தனை பாட்டு தெரிந்த மக்கள் வாழும் துறைமுகத்துக்கும் சாந்தா குரூஸ் பேராலயத்துக்கும் இடையே உள்ள வழி, பேருந்தில் அரைமணிக்கும் குறைவானது. ஆனால் ‘பேராலயத்தில் இசை’ என்றவுடன் நம் நினைவுக்கு வருவது யார்? கறுப்பு அங்கி அணிந்து, அட்டையில் சுரக்குறிப்பைப் பிடித்து, ஆங்கிலத்திலோ இலத்தீனிலோ பாடும் குழு. அவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் பாடட்டும், நாம் கேட்போம். ஆனால் அந்த மேடையில் படகுக்காரனுக்கும் இரண்டு பாட்டுக்கு இடம் வேண்டும் என்பதே என் வழக்கு.

இந்த வழக்கு நமக்குப் பழகியதுதான். தமிழ்நாட்டுக் கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டு ஏன் கடைசியில் துக்கடாவாக ஒதுங்க வேண்டும் என்ற கேள்வி எழுந்துதான் தமிழிசை இயக்கம் பிறந்தது. 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் மாநாடு கூடிற்று. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் அமைந்தது. ஒரு பல்கலைக் கழக வளாகத்தில் எழுந்த குரல் நாட்டின் மேடைகளை மாற்றியது. மேடை என்பது வானத்திலிருந்து விழுவதன்று. கேட்பவர் கேட்டால் அது மாறும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

இனி, எழக்கூடிய தடைகளுக்கு விடை சொல்லியாக வேண்டும்.

‘ஆர்கன் அயல்நாட்டுக் கருவி, அதோடு நம் பாட்டு ஒட்டாது’ என்பார்கள். ஆர்கன் ஒரு காலத்தில் திருச்சபைக்கே அயல் கருவியாக இருந்தது. கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் கிடெசிபியோஸ் என்ற பொறியாளர் தண்ணீரின் அழுத்தத்தால் காற்றைச் செலுத்திக் குழாய்களை ஊதவைத்தார்; அதுவே அதன் மூதாதை. ரோமாபுரியில் அது களியாட்ட அரங்குகளில் முழங்கியது. 757-இல் பைசாந்தியப் பேரரசர் ஒருவர் பிராங்கிய மன்னர் பெப்பினுக்கு அதைப் பரிசாக அனுப்பினார். அதன் பின்பே மேற்குத் திருச்சபைகளில் படிப்படியாக அது குடிபுகுந்தது. நம்மிடமும் அப்படித்தானே? பாலுசுவாமி தீட்சிதர் கையில் எடுத்த பிறகு பிடில் நம் கருவியாயிற்று. ஆர்கனின் சின்னத் தங்கையாகிய ஆர்மோனியம் நம் நாடக மேடையிலும் பஜனை மடத்திலும் கிராமத்துக் கோயிலிலும் புகுந்துவிட்டது. 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி அதற்குத் தடை விதித்திருந்தும், மக்கள் அதைக் கைவிட்டார்களா?

‘கொச்சியில் குழாய் ஆர்கனுக்கு எங்கே போவது?’ என்பது அடுத்த கேள்வி. குழாய் ஆர்கன் பெருஞ்செலவுக் கருவி. பாரிஸ் நோத்ருதாம் பேராலயத்தின் பெரிய ஆர்கனில் மட்டும் ஏறத்தாழ 8,000 குழாய்கள் இருக்கின்றன. 2019 ஏப்ரலில் ஆலயக் கூரை எரிந்து விழுந்தபோதும் அது தப்பியது; ஆயினும் ஈயத் தூசி படிந்திருந்ததால் அதைக் கழற்றித் துடைத்துச் சுருதி கூட்டி 2024 டிசம்பரில்தான் மீண்டும் ஒலிக்கச் செய்தார்கள். மரமும் தோலும் பசையும் கொண்ட அந்தக் கருவிக்குக் கொச்சியின் ஈரக்காற்றும் கரையானும் நண்பர்கள் அல்ல. சென்னையில் புனித ஜார்ஜ் பேராலயத்திலும் எழும்பூர் புனித ஆந்திரேயா ஆலயத்திலும் குழாய் ஆர்கன் இருக்கிறது; 1893-இல் தோன்றிய மதராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் போன்ற பாடற்குழுவும் அங்கே இருக்கிறது. நமக்கு அவ்வளவு வேண்டியதில்லை. மின் ஆர்கன் போதும். அதுவும் இல்லையேல் மிதித்து வாசிக்கும் கால் ஆர்மோனியம் போதும். ஆலயமே ஒரு கருவி என்பதை மறக்கக் கூடாது.

ஆம், ஆலயமே ஒரு கருவிதான். கற்சுவரும் உயர்ந்த விதானமும் குரலை உடனே சாகவிடா. பாடகர் நிறுத்திய பிறகும் ஒலி சில விநாடி மிதந்து நிற்கும். அதனால்தான் நிதானமாக நீளும் பழைய இலத்தீன் பண் அங்கே வானளாவுகிறது. விரைந்து ஓடும் கற்பனைச் சுரம் அங்கே குழம்பிப் போகும். அப்படியானால் நம்மிடம் உள்ளவற்றுள் எது அங்கே பொருந்தும்? விருத்தம் பொருந்தும். தாளக்கட்டு இல்லாமல், சொல்லை நிறுத்தி நிறுத்தி, ஒரு சுரத்தை நீட்டி இழைத்துப் பாடும் விருத்தத்துக்குப் பேராலயத்தின் எதிரொலி ஒரு தம்பூரா. அதுபோலவே, ஒருவர் முதலடி எடுக்க மற்றவர் சேர்ந்து ஏற்கும் பாட்டும் பொருந்தும். கடலுக்குப் போவதும் வருவதுமாக இருப்பவர்களை வாரந்தோறும் ஒத்திகைக்கு அழைக்க முடியாது. இன்று கரையில் இருப்பவர் அடுத்த ஞாயிறு நடுக்கடலில் இருப்பார். ஆகவே நான்கு குரல் பிரிவும் ஒத்திகை அட்டவணையும் அவர்களுக்கு ஒத்து வாரா. ஒருவர் தொடங்க எல்லோரும் தொடரும் முறையோ, அன்று கரையில் இருப்பவர் எவரோ அவரைக் கொண்டே நடக்கும். ஆர்கன் அடியில் ஒரு சுருதியை மட்டும் பிடித்து நின்றால் போதும்.

‘தமிழைக் குழுவாகப் பல குரலில் பாடினால் நன்றாயிராது’ என்று இசைப் புலமை உள்ளவர்கள் சொல்லக்கூடும். 2005-இல் இளையராஜா, மாணிக்கவாசகரின் திருவாசகத்தைப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடும் பாடற்குழுவோடும் சேர்த்துத் தந்தார். தமிழ் கெட்டா போயிற்று? 1900-இல் அதே திருவாசகத்தை ஆங்கிலமாக்கியவர் ஜி. யு. போப் என்ற கிறிஸ்தவப் பாதிரியார். பாட்டு ஒரு சமயத்தின் வேலிக்குள் அடங்குவதில்லை என்று சொல்ல, இதற்கு மேல் என்ன வேண்டும்? நம் மன்றத்தில் சைவரும் வைணவரும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் கடவுள் மறுப்பாளரும் இருக்கிறோம். நாம் பேராலயத்துக்குப் போவது இசை கேட்பதற்கு. ஞானஸ்நானம் பெறுவதற்கு அன்று.

‘திருச்சபை இடம் தருமா?’ என்பது கடைசி ஐயம். 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட வழிபாட்டு ஏட்டில் குழாய் ஆர்கனுக்கு உயர்ந்த மதிப்புத் தரச் சொல்லும் பகுதி ஒன்று உண்டு. அதற்குச் சற்று முன்னாலேயே, தமக்கெனச் சொந்த இசை மரபு உடைய மக்களிடத்தில் அந்த மரபுக்கு உரிய இடம் தரவேண்டும் என்று சொல்லும் பகுதியும் உண்டு. அடுத்தடுத்து இருக்கும் இரண்டையும் சேர்த்துப் படித்தால் நான் கேட்கும் இசைப் பருவம் அங்கேயே இருக்கிறது. கேட்கும் முறையில் கேட்டால் இல்லை என்று சொல்லக் காரணம் இராது என்று நம்புகிறேன்.

தோழர்களே, இவ்வளவும் சொன்னபின், என் நெஞ்சில் முதலில் நிற்கும் காரணத்தைச் சொல்கிறேன்.

2017 நவம்பர் 29, 30 நாட்களில் ஒக்கி புயல் குமரிக் கரையைத் தாக்கியது. மேலே நான் பெயர் சொன்ன ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. அவர்களுள் கொச்சியிலிருந்து படகு எடுத்தவர்களும் உண்டு. கரையிற் கிடைக்காத உடலுக்குக் கல்லறை இல்லை. கல்லறை இல்லாதவனை நினைக்க ஓர் இடமும் ஒரு நாளும் வேண்டும். கிறிஸ்துமசுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளில் முதலாவது, நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையே எந்த ஆண்டும் வந்துவிடும்; அதாவது, ஒக்கி அடித்த நாட்களை ஒட்டியே வரும். அந்த ஞாயிறு மாலையில், அவர்கள் கடைசியாகக் கால் வைத்த நகரத்தின் பேராலயத்தில், அவர்கள் தோழர்கள் நின்று அவர்கள் மொழியில் ஒரு பாட்டுப் பாட வேண்டாமா? பெரிய வெள்ளியன்று நம் கடற்கரைக் கோயில்களில் வியாகுலப் பிரசங்கம் பாடும்போது ஊரே கண்ணீர் விடும். அந்தப் பாடும் மரபும் அந்தக் கண்ணீரும் கொச்சிப் பேராலயத்தின் விதானத்துக்கு ஒருமுறை எட்டட்டும்.

இதற்கும் வரலாற்றில் துணை உண்டு. ஹாண்டெலின் ‘மெசையா’ முதன்முதலாக 1742 ஏப்ரலில் டப்ளின் நகரில் பாடப்பட்டது. அந்நகரின் இரண்டு பேராலயங்களின் பாடகர்கள் சேர்ந்து பாடினார்கள். அதன் வருவாய் மருத்துவ மனைகளுக்கும் கடனாளிச் சிறைவாசிகளுக்கும் போயிற்று. 142 பேர் கடன் தீர்ந்து வெளியே வந்தார்கள். ஒரு நாள் பாட்டு 142 வீடுகளில் விளக்கேற்றியது! நம் பருவத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் வாயிலில் ஓர் உண்டியல் வைக்கலாம். அதில் விழுவது கடலில் தந்தையை இழந்த பிள்ளைகளின் படிப்புக்குப் போகட்டும். நாமும் படிக்க வந்தவர்கள்தாமே!

திட்டம் எளியது. முதல் ஞாயிறு துறைமுகத்தாருடையது: நினைவுப் பாடல்கள், தமிழிலும் அவர்கள் கலவை மொழியிலும். இரண்டாம் ஞாயிறு கொச்சிக் கரையின் பாட்டு: சவிட்டு நாடகத்தின் பக்திப் பாடல்கள் உள்ளே, மிதித்து ஆடும் ஆட்டம் வெளியே முற்றத்தில். மூன்றாம் ஞாயிறு கேரளத்தின் பழைய சுரியானிப் பண்களும் மலையாளப் பாட்டும். நான்காம் ஞாயிறு பாக்கும் ஹாண்டெலும், நகரத்துப் பாடற்குழுக்கள் எல்லாம் கூடி. இவ்வரிசையில் யாரும் விருந்தாளி இல்லை. யாரும் வீட்டுக்காரர் மட்டும் இல்லை.

செலவுக்கு லூபெக் வழியையே பின்பற்றலாம். தோப்பும்படியில் மீனால் வாழ்பவர்கள் எத்தனை பேர்! படகு உரிமையாளர்கள், பனிக்கட்டி ஆலைக்காரர்கள், ஏற்றுமதியாளர்கள், வலைக்கடைக்காரர்கள். மட்டாஞ்சேரியில் மிளகால் வாழ்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மின் ஆர்கன் வாடகை, ஒலிபெருக்கி, அச்சுக்கூலி, தேநீர்: நான்கு மாலைக்கு இவ்வளவுதான். இந்த வணிகர்கள் ஆளுக்குக் கொஞ்சம் மனம் வைத்தால் போதும்.

மன்றம் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, பேராலயப் பங்குத் தந்தைக்கு முறைப்படி ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும். அதில் மலையாள மாணவ நண்பர்களையும் கையெழுத்திட அழைக்க வேண்டும். இரண்டாவது, துறைமுகத்துக்குப் போய், கரையில் இருப்பவர்களோடு உட்கார்ந்து, அவர்களுக்குத் தெரிந்த பாட்டுகளைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். எதைப் பாடுவது என்று நாம் அவர்களுக்குக் கற்பிக்கப் போக வேண்டாம். அவர்கள் சொல்ல நாம் எழுத வேண்டும். மூன்றாவது, நான்கு மாலைகளுக்கும் பாட்டின் சொற்களைத் தமிழ், மலையாளம் இரண்டு எழுத்திலும் ஒரு தாளில் அச்சிட்டு, வருவோர் கையில் கொடுக்க வேண்டும். 1579-இல் தமிழ் நூல் அச்சான ஊரில், அது நம் கையால் மறுபடி நடக்கட்டும்.

சாந்தா குரூஸ் பேராலயம் போர்த்துக்கீசியரால் எழுப்பப்பட்டு, 1795-இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டு, மீண்டும் கட்டப்பட்டு 1905-இல் அர்ச்சிக்கப்பட்டது. அதன் ஓவியங்களைத் தீட்டியவர் இத்தாலியரான அந்தோனியோ மொஸ்கெனி. போர்த்துக்கீசியர் எழுப்பினார், ஆங்கிலேயர் இடித்தார், இத்தாலியர் அழகு செய்தார். நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான் பாக்கி: அதற்குள் நின்று பாட வேண்டும்.

அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள். எதிர்ப்பவர்கள் எழுந்து பேசுங்கள். ஆனால் இரு சாராரும் அதற்கு முன் ஒருநாள் விடியற்காலையில் தோப்பும்படித் துறைமுகத்துக்கு வந்து, அங்கே யாருடைய குரல் கேட்கிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள்.